பனாமா நித்தி கட்டிய கயிறு

என் அத்தானின் வலது மணிக்கட்டில் என் பற்கள் பதிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. கடித்தது நான்தான். அறுபதாம் கலியாணம் முடிந்த மறுநாளே மச்சாள்காரி மாப்பிள்ளையைக் கடித்துவிட்டாள் என்று சுவிஸில் பீலிலிருந்து டீட்டிகோன் வரை கதை போயிருக்கிறது. தொலைபேசி எடுத்துக் கேட்கிறார்கள், "உண்மையோ சுகந்தி?" என்று. உண்மைதான். இன்னொரு தரம் அப்படி ஒரு நிலை வந்தால் இன்னொரு தரமும் கடிப்பேன். ஆனால் ஏன் கடித்தாய் என்று ஒருவராவது கேட்கிறார்களா? இல்லை. கெக்கட்டம் விட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

அத்தானின் பெயர் நித்தியானந்தன். என் அக்கா செல்வராணியின் கணவர். பீலில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், உறைகளை மினுக்குகிற பகுதியில் வேலை. மழையோ பனியோ சைக்கிளில்தான் போவார். கோயில் தேர் என்றால் வடம் பிடிக்க முதல் ஆளாய் நிற்பார். இதெல்லாம் இங்கே எல்லா மனிதரும் செய்கிறதுதான். அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது ஒரே ஒரு விஷயம். அவர் பனாமாக் கால்வாயைக் கடந்தவர். ஒரு தரம் இல்லை, ஏழு தரம். அதனால் எங்கள் ஆட்களுக்குள் அவருக்குப் பெயரே பனாமா நித்தி.

பிறந்தது வல்வெட்டித்துறை. நாட்டில் சண்டை மூண்ட காலத்தில், மீசை சரியாக முளைக்காத வயதில், யாரோ சொந்தக்காரர் மூலம் கிரேக்கச் சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறினார். சில வருடம் உலகம் முழுக்க அலைந்தார். கப்பல் ஜெனோவாவில் நின்றபோது கரைக்கு இறங்கினவர் திரும்பிப் போகவில்லை. ரயில் ஏறி சுவிஸ் எல்லைக்கு வந்து அகதி என்றார். முகாம், பிறகு பேர்ணில் ஒரு உணவகத்தின் பின்பக்கம் கோப்பை கழுவல், பிறகு பீல். ஒரு மனிதனுடைய வாழ்க்கையை இப்படி நாலு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவர் சொல்ல ஆரம்பித்தால் பனாமாவைத் தவிர மற்ற எல்லாம் நாலு வரி, பனாமா மட்டும் ஒன்றரை மணித்தியாலம்.

பிறந்தநாளோ, பெரியபிள்ளையானவளின் சாமத்திய வீடோ, செத்தவரின் அந்தியேட்டியோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். மேசையில் இருக்கிற றோல்ஸ் தட்டு, பற்றிஸ் தட்டு எல்லாவற்றையும் இழுத்துப் படிக்கட்டு மாதிரி அடுக்கிவிடுவார். ஒரு றோல்ஸை எடுத்துக் கீழ்த் தட்டில் வைப்பார். அதுதான் கப்பல்.

"இஞ்சாலை அத்திலாந்திக். அங்காலை பசிபிக். நடுவிலை மலை. மலைக்கு மேலை ஒரு ஏரி. கப்பலை ஏரிக்கு ஏத்தவேணும், பிறகு மற்றப் பக்கம் இறக்கவேணும். எப்பிடி? சொல்லுங்கோ பாப்பம்!"

யாரும் சொல்லமாட்டார்கள். எல்லோருக்கும் விடை தெரியும், பல தரம் கேட்டாயிற்று. ஆனாலும் அவர் சொல்லட்டும் என்று விடுவோம். கப்பல் ஒரு பெரிய தொட்டிக்குள் நுழையும். பின்னால் கதவு மூடும். மேலே ஏரியில் இருக்கிற தண்ணீரைச் சுவருக்குள் புதைத்த குழாய் வழியாகத் திறந்துவிடுவார்கள். தொட்டி நிரம்பும். நிரம்ப நிரம்பக் கப்பல் தானாக எழும்பும். மேல் தொட்டியின் மட்டத்துக்கு வந்ததும் முன்கதவு திறக்கும். கப்பல் அடுத்த தொட்டிக்குப் போகும். இப்படி மூன்று படி ஏறினால் ஏரி. ஏரியைக் கடந்ததும் தண்ணீரை வெளியே விட்டு விட்டு மூன்று படி இறக்கம். கடைசிக் கதவு திறந்தால் வேறு கடல். றோல்ஸ் மேல் தட்டுக்கு ஏறி மறுபக்கம் இறங்கி, கடைசியில் அவருடைய வாய்க்குள் போகும்.

"பம்பும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. தண்ணி பள்ளத்துக்கு ஓடும். அவ்வளவுதான்! ஒன்பது மாடி உயரத்துக்குக் கப்பலைத் தூக்குறது அந்த ஒரு சங்கதிதான்."

அதோடு விடமாட்டார். கரையில் தண்டவாளம் போட்டுக் குட்டி எஞ்சின்கள் ஓடுமாம். அவற்றுக்குக் கழுதை என்றுதான் அங்கே பெயராம். இரண்டு பக்கமும் நின்று உருக்குக் கயிற்றால் கப்பலைப் பிடித்துக்கொள்ளுமாம். இந்த இடம் வந்ததும் அத்தான் எழும்பி நிற்பார். இரண்டு கையையும் முறுக்கிக் காட்டுவார். "இறுக்கிப் பிடிக்கும். அசையவிடாது. கயிறு தளந்துதெண்டால் கப்பல் சுவரிலை அடிச்சுச் சிதறிப்போடும்!" அவர் அப்படிக் கையை முறுக்கும்போது பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள்கூடத் தட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். நானும் வைத்திருக்கிறேன்.

போன முறை பனாமாவில் மழை இல்லாமல் ஏரி வற்றிக் கப்பல்கள் வரிசையில் நின்றனவே, அப்போது பார்க்கவேண்டும் இந்த மனிதனை. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் கிடப்பது மாதிரி காலையும் மாலையும் செய்தி பார்த்துக்கொண்டு, "ஒவ்வொரு கப்பலுக்கும் ஏரித் தண்ணியைக் கடலுக்குள்ளை ஊத்தவேணும், மழை பெய்யாட்டில் என்ன செய்யிறது" என்று பெருமூச்சு விட்டார். "பனாமாக்காரர் உங்களட்டைக் கேட்டவையோ அத்தான்?" என்று நான் பகிடி பண்ணினேன். முறைத்தார்.

அக்கா மட்டும் ஒருநாளும் பகிடி பண்ணியதில்லை. அவள் அவரைக் கட்டியதே அந்தக் கதைக்காகத்தான். கொழும்பில் நாங்கள் தங்கியிருந்தபோது சம்பந்தம் பேசி, பெண்ணும் சுவிஸில் இருக்கிற மாப்பிள்ளையும் கதைக்கட்டும் என்று ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் நேரம் குறித்தார்கள். அங்கே தொலைபேசி இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் நானும் அக்காவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை நிறத்தைக் கேட்கவில்லை, சமைக்கத் தெரியுமோ என்று கேட்கவில்லை. கப்பல் மலை ஏறுகிற கதையைச் சொன்னார். அக்கா வாயைத் திறந்தபடி கேட்டாள். வெளியே வந்து, "ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றாள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. எனக்கும் அப்படி ஒரு கப்பற்காரன் வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு வாய்த்தது பேர்ண் ஆஸ்பத்திரியின் சமையலறையும், தெருவில் றாம் வண்டி ஓட்டுகிற ஒரு மனிதனும். அது வேறு கதை.

இந்த வருடம் அத்தானுக்கு அறுபது. பேர்ண் கோயிலில் சனிக்கிழமை அறுபதாம் கலியாணம் செய்தோம். அக்காவுக்குத் திரும்பவும் தாலி கட்டினார். அக்கா வெட்கப்பட்டாள். மகள் லக்சாயினி, சூரிச்சில் பொறியியலாளராக இருக்கிறவள், மேளம் முடிந்ததும் ஒலிவாங்கியை வாங்கி அறிவித்தாள்: நாளைக்கு ஒரு மோட்டார்ப் படகு வாடகைக்கு எடுத்திருக்கிறேன், பீல் ஏரியிலிருந்து கால்வாயால் ஆரே ஆற்றுக்கு இறங்கப் போகிறோம், வழியில் ஒரு நீர்ப்பூட்டு இருக்கிறது, அப்பாவைப் பனாமாவுக்குக் கொண்டுபோகிறேன் என்று. சனம் கைதட்டியது. அத்தானின் முகம் ஒரு மாதிரிப் போனது. சந்தோசம் தாங்காமல்தான் என்று நினைத்தேன். என்ன நினைப்பு பாருங்கள்!

நீர்ப்பூட்டு என்றால் அதே சங்கதிதான், சின்ன அளவில். இங்கே ஷ்லொய்ஸ என்பார்கள். இரண்டு கதவு, நடுவில் ஒரு தொட்டி. ஏரி மேலே, ஆறு கீழே. படகு உள்ளே போனதும் பின்கதவை மூடித் தண்ணீரைக் கீழே விடுவார்கள். படகு ஒரு ஆள் உயரம் இறங்கியதும் முன்கதவு திறக்கும். சின்னப் பிள்ளைகள்கூட மிதிபடகில் போய் வருகிற இடம்.

அக்காவுக்கு நீந்தத் தெரியாது. குளியலறைத் தொட்டியே அவளுக்கு ஆழம். "நான் கரையிலை நிண்டு பாக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றாள். அத்தான் சிரித்தார்.

"ராணி, பனாமாவைக் கடந்தவன் பக்கத்திலை நிக்கிறன். இந்தத் தண்ணிக் கிடங்குக்கோ பயப்பிடுறாய்?"

அக்கா ஏறினாள். அவர் அப்படிச் சொன்ன பிறகு ஏறாமல் இருப்பாளா?

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். படகில் நாலு பேர்: அத்தான், அக்கா, லக்சாயினி, நான். புதுத் தாலியும், சிவப்புக் கரை போட்ட கூறைச் சேலையுமாக அக்கா நடுவில் இருந்தாள். மிதவைச் சட்டையைப் போடச் சொன்னால் சேலை கசங்கும் என்று அதை மடித்துத் தனக்குக் கீழே வைத்துக்கொண்டாள். நானும் சும்மா இருந்தேன், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எனக்கு அறிவு எங்கே போனது? கத்தரிக்காய்ப் பொரியலும் புட்டும் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். கால்வாயின் இரண்டு பக்கமும் சைக்கிளில் போகிறவர்கள் எங்களுக்குக் கைகாட்டினார்கள். அத்தான் கட்டளைத் தளபதி மாதிரி முன்னால் நின்றார்.

பூட்டுவாசலில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போனோம். வேறு படகு இல்லை. பின்கதவு மூடியது. இரண்டு பக்கமும் பாசி பிடித்த சீமெந்துச் சுவர். சுவரில் கொஞ்சத் தூரத்துக்கு ஒன்றாகக் கயிறு போடுகிற இரும்புக் கம்பங்கள், ஒரு இரும்பு ஏணி. அதற்குப் பக்கத்தில் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் ஒரு பலகை. லக்சாயினி சத்தமாக வாசித்தாள்.

"அப்பா, கயிறைக் கட்டக்கூடாதாம். கம்பத்தைச் சுத்திக் கையிலை பிடிச்சிருக்கவேணுமாம். தண்ணி இறங்க இறங்க விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கிடக்கு."

"உது படகு ஓட்டத் தெரியாத சனத்துக்கு எழுதினது பிள்ளை. கயிறு தளந்தால் சுவரிலை அடிக்கும். பனாமாவிலை என்னமாதிரி இறுக்கிறவங்கள் தெரியுமோ?"

"இல்லையப்பா, அது..."

"லக்சா! நீ படிச்சனி. நான் போனனான்."

ஏணி இருந்த பக்கத்துச் சுவரோடு, படகின் முன்னுக்கும் பின்னுக்கும் அவரே கட்டினார். வல்வெட்டித்துறையில் வள்ளம் கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், அவிழவே அவிழாது. எங்கள் கரையில் கடல் ஏறி இறங்குவது முழங்கால் அளவுக்குத்தான். அங்கே வள்ளத்தை இறுக்கிக் கட்டிவிட்டுப் போய் நிம்மதியாகப் படுத்துத் தூங்கலாம். கீழே இருக்கிற தண்ணீர் காணாமல் போய்விடும் என்று அங்கே எவனும் யோசிக்க வேண்டியதில்லை. முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றின் மிச்ச நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு எழும்பி நின்றார். மேலே கண்ணாடி அறையில் இருந்த காவலாளிப் பெண் பார்த்தாள். கயிறு கையில் இருப்பதாகத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒலிபெருக்கியில் தயாரா என்று கேட்டாள். அத்தான் பெருவிரலைக் காட்டினார்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. சத்தமே இல்லை. சுவரில் ஈரம் மட்டும் கூடிக்கொண்டு வந்தது. "வடிவாய்க் கிடக்கு" என்றாள் அக்கா. அதுதான் அவள் கடைசியாகச் சிரித்துக்கொண்டு சொன்னது.

முதலில் கயிறு முறுகுகிற சத்தம் கேட்டது. பிறகு புட்டுப் பெட்டி தானாக நகர்ந்தது. நான் அதைப் பிடிக்கக் குனிந்தேன். அதற்குள் படகே சரிந்தது. சுவர்ப் பக்கம் கயிற்றில் தொங்குகிறது, மற்றப் பக்கம் தண்ணீரோடு கீழே போகிறது. ஐயோ, ஒரு படகு சுவரில் தொங்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை! லக்சாயினி கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். நான் இருக்கையின் காலைப் பிடித்துக்கொண்டேன். அக்காவுக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுடைய பட்டுச் சேலை அந்தப் பிளாஸ்ரிக் இருக்கையில் வழுக்கியது. என்னைப் பார்த்தபடியே போனாள். அவளுக்குக் கீழே இருந்த மிதவைச் சட்டை அவளுக்கு முதல் விழுந்து தனியே மிதந்தது. அவள் மிதக்கவில்லை.

"ராணீ!" என்று அத்தான் கத்தினார். அந்தச் சத்தம் மனிதச் சத்தம் இல்லை. மேலே காவலாளி கண்டுவிட்டாள். ஏதோ மணி அடித்தது. தண்ணீர் இறங்குவது நின்றது. ஆனால் நாங்கள் தொங்குவது நிற்கவில்லை. படகு சரிந்தபடியே கிடந்தது. அக்கா விழுந்த பக்கம் குமிழிகள் மட்டும் வந்தன. லக்சாயினி, "வெட்டுங்கோ அப்பா, கயிறை வெட்டுங்கோ, படகை நிமித்துங்கோ!" என்று கத்தினாள். கரையில் சைக்கிள் விட்டு இறங்கி ஓடிவந்த ஆட்களும் அதையேதான் கத்தினார்கள். அத்தான் சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். வாயால் விரித்தார்.

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். விழுந்த பக்கம் இல்லை, மற்றப் பக்கம். தூக்கிக்கொண்டு நிற்கிற படகுக்கும் சுவருக்கும் நடுவில், இருட்டாய்க் கிடந்த அந்த இடுக்கில், சிவப்புக் கரை தெரிந்தது. அதற்கு மேலே ஒரு கை. வளையல் போட்ட கை. அது ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அக்கா படகுக்கு அடியால் போய் அந்தப் பக்கம் எழும்பியிருக்கிறாள். கயிறு அறுந்தால் முழுப் படகும் நேரே அவள் தலையில்தான் விழும்.

"அத்தான், வெட்டாதேங்கோ! அக்கா கீழை!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. காவலாளிப் பெண்ணும் மேலே சுவரோரம் ஓடிவந்து, "நிட் ஷ்னீடே! நிட் ஷ்னீடே!" என்று கத்தினாள். வெட்டாதே என்றுதான் அவளும் சொல்கிறாள். முப்பது வருடம் இந்தப் பாஷை கேட்ட மனிதனுக்கு அந்த நேரத்தில் ஒரு பாஷையும் ஏறவில்லை. கத்தி கயிற்றில் பட்டுவிட்டது. இழைகள் பிரிந்து சுருளுவதை நான் கண்ணால் கண்டேன். அவரைப் பிடித்து இழுக்க எனக்குக் கை இல்லை, ஒரு கையை விட்டால் நானும் போவேன். அவருடைய மணிக்கட்டு என் முகத்துக்கு நேரே இருந்தது. கடித்தேன். உப்பும் இரத்தமும் வாயில் வந்தன. விடவில்லை. கத்தி தண்ணீரில் விழுந்தது. "விசரே, உனக்கென்ன பிடிச்சது!" என்று அத்தான் மற்றக் கையால் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். என் வாழ்க்கையில் அவர் என்மேல் கைவைத்தது அன்றுதான்.

நான் வாயால் கதைக்க முடியாமல், பிடியை விடாமலே ஒரு விரலை நீட்டிக் காட்டினேன். அவர் கீழே பார்த்தார். பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எங்களைக் காப்பாற்றியது மேலே நின்ற அந்தப் பெண்ணின் நிதானம்தான். அவள் உள்ளே ஓடிப்போய்க் தண்ணீர் வெளியேறுகிற கீழ்வாயை அடைத்தபடியே ஏரிப் பக்கத்து மேல்வாயைக் கொஞ்சமாகத் திறந்தாள். ஏரித் தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே வந்தது. தொட்டி நிரம்பியது. தண்ணீர் அக்காவைத் தூக்கியது, படகையும் தூக்கியது. அத்தான் தட்டுகளை அடுக்கி எத்தனையோ தரம் காட்டினாரே, அதேதான். ஒரு சாண், இன்னொரு சாண். அக்காவின் கை ஒரு படி மேலே பிடித்தது. பிறகு அடுத்த படி. படகு நிமிர நிமிர இடுக்கு ஒடுங்கியது. படகின் பக்கத்தில் தொங்கிய ரப்பர்ப் பந்து அவளுடைய தோளைச் சுவரோடு நெரித்தது. அக்கா ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோசப்பட்டேன், உயிர் இருக்கிறது என்று. பிறகு காவலாளி வந்து சுவரில் குப்புறப் படுத்து அவளுடைய மற்றக் கையைப் பிடித்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். சேலை அரைவாசி ஏணியில் சிக்கிக் கிடந்தது. அக்காவைத் தரையில் கிடத்தியபோது அவளுடைய முகம் சாம்பல் நிறமாய் இருந்தது. தண்ணீர் தண்ணீராய்க் கக்கினாள்.

பீல் ஆஸ்பத்திரியில் காறை எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். நுரையீரலில் தண்ணீர் போனதால் இரண்டு நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். பின்னேரம் கட்டிலைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் ஆளை ஆள் பார்க்காமல் நின்றோம். அத்தானின் கைக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். அப்போது ஒரு இளம் பொலிஸ்காரன் வந்தான். மரியாதையான பொடியன். விபத்து என்றால் எழுதியாக வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

"கயிற்றைக் கட்டியது யார்?"

"நான்" என்றார் அத்தான்.

"இதற்கு முதல் நீர்ப்பூட்டால் போயிருக்கிறீர்களா?"

லக்சாயினிக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பனைக் குறைவாகக் கேட்கிறான் என்று நினைத்தாள் போல. "என் அப்பா கப்பற்காரர். பனாமாக் கால்வாயை ஏழு தரம் கடந்தவர்" என்று ஜெர்மனில் படபடவென்று சொன்னாள்.

பொலிஸ்காரன் பேனையை நிறுத்திவிட்டு அத்தானைப் பார்த்தான். "அப்படியென்றால் தண்ணீர் இறங்கும்போது கயிற்றை விட்டுக்கொடுக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே?" என்று கேட்டான். குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டான்.

அத்தான் கையில் போட்டிருந்த கட்டை ஒரு தரம் தடவினார். பிறகு ஜெர்மனில் சொன்னார்: "தெரியாது. நான் ஒருநாளும் பார்த்ததில்லை."

லக்சாயினி, "அப்பா?" என்றாள். பொலிஸ்காரன் இரண்டு வரி எழுதிவிட்டு, குடும்ப விஷயம் என்று விளங்கிக்கொண்டவன் போல வணக்கம் சொல்லிப் போய்விட்டான். கதவு மூடியதும் நான்தான் கேட்டேன்.

"என்னத்தைப் பாக்கேல்லை?"

"பனாமாவை."

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? ஏழு தரம் போனனான் எண்டனீங்கள்!"

"போனனான். கீழை." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் எஞ்சின் அறையிலை எண்ணெய் விடுறவன் பிள்ளை. கால்வாய்க்குள்ளை போகேக்கை கீழை நிக்கிறவன் மேலை வரேலாது. ஒவ்வொரு நிமிசமும் மணி அடிப்பாங்கள், முன்னுக்கு, பின்னுக்கு, நிப்பாட்டு எண்டு. உடம்பு அவிஞ்சுபோம். மேலை நிண்டிட்டு வாற பிலிப்பீன்ஸ்காரன் ஒருத்தன் சொல்லுவான், இப்ப கதவு பூட்டியாச்சு, இப்ப ஏறுறம், இப்ப கழுதை இறுக்கிப் பிடிக்குது எண்டு. அவன் சொன்னதுதான் நான் சொன்னது. அந்தக் கழுதை கயிறை விட்டும் குடுக்குமெண்டு அவன் சொல்லேல்லை. கீழை இறங்கினது ஒரு கடலிலை. வெளியிலை வந்து பாத்தால் வேறை கடல். நடுவிலை நான் கண்டதெல்லாம் ஒரு இரும்புச் சுவர்."

"ஏழு தரமுமோ?"

"ஏழு தரமும்."

கடவுளே! எத்தனை வீட்டில், எத்தனை மேசையில்! இரண்டு கையையும் முறுக்கிக் காட்டினாரே, எழும்பி நின்று காட்டினாரே! நான் அவரைப் பகிடி பண்ணியிருக்கிறேனே தவிர ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. எனக்கு அவரில் வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா காறை எலும்பு முறிந்து கிடக்கிறாள் என்பதற்காகத்தான் குரலைத் தணித்தேன்.

"அப்ப ஏன் கண்ட மாதிரி அளந்தனீங்கள்? ஆர் கேட்டது உங்களை?"

"முதல் முதல் சொன்னது ராணிக்கு, உன்ரை கொக்காவுக்குத்தான்" என்றார். "அண்டைக்கு ரெலிபோனிலை. என்ன வேலை செய்யிறியள் எண்டு கேட்டவ. நான் அப்ப ஆரோ திண்ட எச்சில் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவன். முந்தி என்ன செய்தனீங்கள் எண்டால் எண்ணெய் துடைச்சனான். ரெண்டையும் எப்பிடிச் சொல்லுறது? வாயிலை பனாமா வந்திட்டுது. அவ அங்காலை மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டு நிண்டவ. பிறகு என்னாலை நிப்பாட்ட ஏலாமல் போச்சு."

லக்சாயினி அழத் தொடங்கினாள். படகை எடுத்தது அவள், பலகையை வாசித்தது அவள், வெட்டச் சொன்னதும் அவள். அத்தான் அவளுடைய தோளைத் தொடக் கையை நீட்டினார். பாதியில் கையை மடக்கிக்கொண்டார். எனக்கு அந்த மனிதனை அடிக்கவும் வேண்டும் போல இருந்தது, பிடித்துக்கொண்டு அழவும் வேண்டும் போல இருந்தது. இவ்வளவு காலம் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு அதையே றோல்ஸோடு சேர்த்துத் தின்றிருக்கிறாரே என்று ஒரு பக்கம். அந்தப் பொய்யால் என் அக்கா செத்திருப்பாளே என்று மற்றப் பக்கம்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். மருந்துக்கு நித்திரை என்றுதான் நாங்கள் நினைத்தோம். மூக்கில் ஒட்சிசன் குழாய். தாலியைக் கழற்றி ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு மேசையில் வைத்திருந்தார்கள். திடீரென்று அவள் வாய் திறந்தாள். தொண்டை முழுக்கக் கரகரப்பு.

"இஞ்சேருங்கோ."

அத்தான் துடித்துக்கொண்டு குனிந்தார். "என்ன ராணி? தண்ணி வேணுமோ? டொக்டரைக் கூப்பிடவோ?"

"கீழை நிண்டனான், எண்ணெய் விட்டனான் எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாம்." மூச்சு வாங்கினாள். "சொல்லியிருந்தாலும் நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

அத்தானின் முகம் உடைந்தது. அவளுடைய நல்ல கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அக்கா கையை இழுக்கவில்லை. கண்ணைத் திறந்து அவரை நேரே பார்த்தாள்.

"ஆனால் இண்டைக்குப் படகிலை ஏறியிருக்க மாட்டன்."